இடிக்காமல் விட்டதும் ஒரு திட்டம்தான்: ரூர் வட்டாரத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு நகரத்தின் முதன்மைத் திட்ட வரைபடத்தை விரித்துப் பாருங்கள். சாலை, வடிகால், குடியிருப்பு, தொழிற்பகுதி என்று எல்லாவற்றுக்கும் ஒரு நிறம் இருக்கும். பண்பாட்டுக்குக் கிடைப்பது ஒரு சின்னக் கட்டம். அருங்காட்சியகம், கலையரங்கம், மிஞ்சிப்போனால் ஒரு பழைய கோட்டை. மற்ற முடிவுகளெல்லாம் எடுத்து முடித்த பிறகு, மீதி இடத்தில் மீதிப் பணத்தில் செய்கிற வேலை அது.

இந்த வரிசையை மாற்றிப் பார்த்த இடங்கள் சில உண்டு. பேச்சு வந்தாலே எல்லோரும் ஸ்பெயினின் பில்பாவோ நகரத்தைச் சொல்வார்கள். 1997-இல் திறந்த குகன்ஹைம் அருங்காட்சியகம் ஒரு தொழில் நகரத்தையே தூக்கி நிறுத்திவிட்டது என்பது கதை. அதே காலத்தில் அங்கே ஆற்றைச் சுத்தம் செய்ததையும் மெட்ரோ ரயில் விட்டதையும் அந்தக் கதை மறந்துவிடும். ஒரே கட்டடத்தை வைத்துப் பண்பாட்டின் பங்கை அளப்பது எனக்கு ஒப்பவில்லை. அதனால் இங்கே எடுத்துக்கொள்வது ஜெர்மனியின் மேற்கில் நிலக்கரிச் சுரங்கங்களும் உருக்காலைகளும் நிறைந்திருந்த ரூர் வட்டாரம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்ட கதை இது. வெற்றியும் தோல்வியும் அருகருகே கிடக்கின்றன. நகரத் திட்டமிடல், வட்டாரத் திட்டமிடல் இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கவும் முடிகிறது.

களம்

டூயிஸ்பர்க், ஓபர்ஹவுசன், எஸன், கெல்சன்கிர்ஹன், போகும் (Bochum), டோர்ட்முண்ட் என்று ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் ஊர்கள். மொத்தம் 53 நகராட்சிகள், சுமார் 50 லட்சம் மக்கள். ஒரு தலைநகரமோ, அதைச் சுற்றிப் புறநகர்களோ இங்கே இல்லை. சுரங்கம் எங்கே தோண்டினார்களோ அங்கே தொழிலாளர் குடியிருப்பு வந்தது, அதற்குப் பிறகுதான் ஊர் என்று ஒன்று உருவானது. நகரம் முதலில் வந்து தொழில் பிறகு வந்த இடங்களுக்கு எழுதிய திட்டமிடல் விதிகள் இங்கே அப்படியே பொருந்தவில்லை.

வட்டார அளவில் திட்டமிடுவதில் இந்தப் பகுதி முன்னோடி. முதல் உலகப் போருக்குப் பிறகு நிலக்கரி உற்பத்தியைக் கூட்டப் பெரும் எண்ணிக்கையில் தொழிலாளரைக் குடியமர்த்த வேண்டியிருந்தது. அதற்காக 1920-இல் சட்டம் போட்டு, நகரங்களுக்கு மேலான ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தினார்கள். ராபர்ட் ஷ்மிட் அதன் முதல் தலைவர். நகரங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாதபடி, வடக்கு தெற்காக ஓடும் பசுமைப் பட்டைகளை அந்த அமைப்பு காப்பாற்றி வைத்தது. எழுபது ஆண்டு கழித்து அந்தப் பட்டைகள் பெரிய அளவில் கைகொடுத்தன. அந்தக் கதைக்குப் பின்னால் வருகிறேன்.

1958-இல் நிலக்கரி நெருக்கடி தொடங்கியது. நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் வேலை பார்த்த தொழில் சுருங்க ஆரம்பித்தது. அரசு முதலில் செய்தது எந்த அரசும் செய்யக்கூடியதுதான்: புதிய தொழிற்சாலை, நெடுஞ்சாலை, பல்கலைக்கழகம். போகுமில் மூடிய ஒரு சுரங்க நிலத்தில் 1962-இல் ஓபெல் கார் ஆலை வந்தது. 2014-இல் அதுவும் மூடப்பட்டது. அதே காலத்தில் போகுமில் தொடங்கிய பல்கலைக்கழகம் நிலைத்துவிட்டது. நூறாண்டுத் தொழில் வளத்தின்போது இந்த வட்டாரத்தில் ஒரு பல்கலைக்கழகம்கூட இருந்ததில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

ஐசன்ஹைம்: முதல் தகராறு

பண்பாடு என்ற சொல் இங்கே திட்டமிடலுக்குள் நுழைந்தது கலைஞர்கள் வழியாக அல்ல, குடியிருப்போர் வழியாக. ஓபர்ஹவுசனில் ஐசன்ஹைம் என்ற தொழிலாளர் குடியிருப்பு இருக்கிறது. முதல் வீடுகள் 1846-இல் கட்டியவை, வட்டாரத்திலேயே பழமையானது. 1970-களின் தொடக்கத்தில் அதை இடித்துவிட்டு உயர்ந்த அடுக்குமாடிகள் கட்டும் எண்ணம் இருந்தது. திட்டமிடுவோரின் பார்வையில் அது நியாயமான முடிவு. வீடுகள் சின்னவை, பழையவை, வசதி குறைவு, நிலமோ நிறைய வீணாகிறது.

குடியிருந்தவர்களும், ரோலண்ட் குந்தர் என்ற கலை வரலாற்றாளரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து வேறொரு கணக்கெடுப்பு செய்தார்கள். கட்டடத்தின் அழகை அவர்கள் அளக்கவில்லை. வீட்டு வாசலில் யார் எங்கே உட்காருகிறார்கள், பின்பக்கத் தோட்டத்துக்கும் புறாக்கூண்டுக்கும் போகிற பாதையில் யார் யாரைச் சந்திக்கிறார்கள், கிழவர்களைப் பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள், குழந்தைகள் எங்கே விளையாடுகிறார்கள் என்று பதிவு செய்தார்கள். "வீணான நிலம்" என்று வரைபடம் சொன்ன இடத்தில்தான் அந்தக் குடியிருப்பின் வாழ்க்கை நடந்துகொண்டிருந்தது. ஒரு மாடி மட்டுமே உயரமான வீடு, நேரே தெருவுக்குத் திறக்கிற கதவு, வாசல் பெஞ்சு: இந்த மூன்றும் இல்லாமல் போனால் அந்த உறவுகளும் இல்லாமல் போகும் என்பதுதான் வாதம்.

ஐசன்ஹைம் தப்பியது. பொதுச் சலவை வீடுகளில் ஒன்று அருங்காட்சியகமாகவும், இன்னொன்று மக்கள் கூடும் இடமாகவும் மாறின. இதைப் பார்த்து வட்டாரத்தின் வேறு பல குடியிருப்புகளும் இடிப்பை எதிர்த்துக் கிளம்பின.

இந்த ஆய்வில் நான் அதிக எடை வைப்பது இந்த நிகழ்வுக்குத்தான். பின்னால் வந்த பிரமாண்ட வேலைகள் எல்லாவற்றையும்விட, பண்பாட்டைத் திட்டமிடலில் எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு இது தெளிவான வழி. பண்பாடு இங்கே சேர்க்க வேண்டிய ஒரு பொருளாக வரவில்லை. எதைத் தொடக்கூடாது என்று முடிவெடுக்கிற தகவலாக வந்தது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1969-இல், டோர்ட்முண்டில் ட்சோலர்ன் சுரங்கத்தின் இயந்திரக் கூடத்துக்குப் பாதுகாப்பு கிடைத்தது. புகைப்படக் கலைஞர்களான பெர்ன்ட் பெகர், ஹில்லா பெகர் தம்பதியும் அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் உண்டு. தேவாலயமும் அரண்மனையும் மட்டுமே நினைவுச் சின்னம் என்ற எண்ணம் அப்போதுதான் ஆட ஆரம்பித்தது.

பத்தாண்டுக் கண்காட்சி

1989-இல் நார்த் ரைன்-வெஸ்ட்பாலியா மாநில அரசு 'எம்ஷர் பார்க் சர்வதேசக் கட்டடக் கண்காட்சி' என்ற முயற்சியைத் தொடங்கியது. எம்ஷர் இந்த வட்டாரத்தில் ஓடும் ஆறு. கண்காட்சி என்ற பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. பத்தாண்டு மட்டும் உயிரோடு இருந்து, 1999-இல் கலைந்துபோகும்படி அமைத்த ஒரு திட்டமிடல் நிறுவனம் அது. தலைமை வகித்தவர் கார்ல் கான்சர். 17 நகரங்கள், சுமார் 800 சதுர கிலோமீட்டர், 20 லட்சம் மக்கள், முடிவில் 120 அளவுக்குத் திட்டப்பணிகள்.

இது வேலை செய்த விதம்தான் சுவாரசியம். வட்டாரம் முழுவதற்கும் ஒரு முதன்மைத் திட்டத்தை அவர்கள் வரையவே இல்லை. சட்ட அதிகாரம் கிடையாது. கட்டுமானத்துக்குத் தனி நிதியும் கிடையாது. நகராட்சிகள், நிறுவனங்கள், மக்கள் குழுக்கள் யாரும் யோசனை கொண்டு வரலாம். தரம் இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டால், மாநிலத்தில் ஏற்கெனவே இருந்த உதவித் திட்டங்களில் அந்தப் பணிக்கு முன்னுரிமை. பதிலுக்கு வடிவமைப்புப் போட்டி நடத்த வேண்டும், சூழல் தரத்தைக் காக்க வேண்டும். அவ்வளவுதான் பேரம். அதிகாரம் இல்லாத அமைப்பு இவ்வளவு சாதித்ததற்கு, பணத்தின் வரிசையைத் தீர்மானிக்கிற இடத்தில் அது உட்கார்ந்திருந்தது ஒரு காரணம்.

இன்னொரு காரணத்தை இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் போதிய அளவு சொல்வதில்லை. 1980 வாக்கிலேயே மாநிலம் ஒரு நில நிதியை உருவாக்கி, கைவிட்ட தொழில் நிலங்களை வாங்கத் தொடங்கியிருந்தது. நிலம் பொதுக் கையில் இருந்ததால் காத்திருக்க முடிந்தது. நிலம் தனியார் கையில் இருந்து, வட்டி ஏறிக்கொண்டிருந்தால், பழைய ஊதுலையைப் பார்த்து "இதை என்ன செய்யலாம், யோசிப்போம்" என்று யாரும் பத்து ஆண்டு பொறுக்க மாட்டார்கள். பண்பாட்டை மதிக்கிற திட்டம் வேண்டுமென்றால் முதலில் தேவைப்படுவது அவகாசம், அவகாசத்தைத் தருவது நில உரிமை.

டூயிஸ்பர்கின் மைடெரிஹ் உருக்காலையை எடுத்துக்கொள்வோம். 1985-இல் மூடியது. இடிக்கவே பெருந்தொகை வேண்டும், மண்ணெல்லாம் நஞ்சு. சுற்றுவட்டார மக்களில் ஒரு குழு இடிக்காதே என்று நின்றது. 1990-களின் தொடக்கத்தில் நடந்த போட்டியில் நிலக்காட்சி வடிவமைப்பாளர் பீட்டர் லாட்ஸின் வடிவமைப்பு வென்றது. அவர் ஆலையைச் சுத்தம் செய்து அழகுபடுத்தவில்லை. துருவை அப்படியே விட்டார். தாது கொட்டி வைத்த கான்கிரீட் அறைகளில் மலையேறும் சங்கத்தார் ஏறப் பழகுகிறார்கள். எரிவாயுக் கலனில் தண்ணீர் நிரப்பி முக்குளிப்போர் பயிற்சி எடுக்கிறார்கள். எரிந்த சாம்பல் மண்ணில் தானாக முளைத்த செடிகளைப் பிடுங்காமல் விட்டார்கள். சுமார் 180 ஹெக்டேர் பூங்கா அது, நுழைவுக் கட்டணம் இல்லை. வேலை செய்த இடத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்காமல் மறுபடி புழங்கும் இடமாக்கியதுதான் வடிவமைப்பின் சாரம்.

ஓபர்ஹவுசனில் 117 மீட்டர் உயர எரிவாயுக் கலன் ஒன்று. அதையும் இடிப்பதா வைத்துக்கொள்வதா என்று பெரிய தகராறு நடந்தது. வைத்துக்கொண்டார்கள், 1994 முதல் கண்காட்சிக் கூடமாயிற்று. 1999-இல் கிறிஸ்டோ, ழான்-கிளோட் என்ற கலைஞர் இணையர் 13,000 எண்ணெய் பீப்பாய்களை அடுக்கி உள்ளே ஒரு பெருஞ்சுவர் எழுப்பினார்கள். அதற்குப் பக்கத்திலேயே, பழைய உருக்காலை நிலத்தில், 1996-இல் 'சென்ட்ரோ' என்ற மாபெரும் வணிக வளாகமும் வந்தது. அந்த வளாகம் ஓபர்ஹவுசனின் பழைய கடைத்தெருவை வற்றவைத்துவிட்டது. ஒரே நகரம், ஒரே பத்தாண்டு, அடுத்தடுத்த மனைகள். ஒன்றில் நினைவைக் காப்பாற்றி, மற்றொன்றில் நகர மையத்தைக் கைவிட்டார்கள். எரிவாயுக் கலனின் படத்தைப் போடும் கட்டுரைகளில் இந்தப் பக்கத்து மனை வருவதே இல்லை.

எஸனின் ட்சோல்ஃபெரைன் சுரங்கம் எல்லோருக்கும் தெரிந்த முகம். ஃபிரிட்ஸ் ஷுப், மார்ட்டின் கிரெம்மர் இருவரும் வடிவமைத்த பன்னிரண்டாம் சுரங்கவாய் 1932-இல் இயங்கத் தொடங்கியது. நாளொன்றுக்கு 12,000 டன் நிலக்கரி எடுத்த இடம். 1986 டிசம்பரில் சுரங்கம் மூடியது. நிலக்கரியைச் சுட்டு உருக்காலைக்கான எரிபொருளாக்கும் கோக் ஆலை 1993 வரை ஓடியது, பிறகு அதைச் சீனாவுக்கு விற்கும் பேச்சுகூட நடந்து முறிந்தது. 2001-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல். 2010-இல் நிலக்கரி கழுவும் ஆலைக்குள் ரூர் அருங்காட்சியகம். சுற்றுலாப் பயணிகள் ஏராளமாக வருகிறார்கள், பார்க்கிறார்கள், போய்விடுகிறார்கள். வேலிக்கு வெளியே இருக்கும் காட்டர்ன்பர்க் பகுதி எஸனின் ஏழைப் பகுதிகளில் ஒன்றாகவே நீடித்தது.

ஆறும் பட்டையும்

வட்டாரத் திட்டமிடல் என்ற அளவில் நடந்த மிகப் பெரிய வேலைக்குப் பண்பாடு என்ற பெயரே கிடையாது. எம்ஷர் ஆறு ஒரு நூற்றாண்டுக்கு மேல் திறந்த சாக்கடையாக ஓடியது. அசட்டையால் அல்ல. சுரங்கம் தோண்டத் தோண்ட மேலே நிலம் தாழும், சில இடங்களில் இருபது மீட்டருக்கும் மேலாக. மண்ணுக்கடியில் குழாய் பதித்தால் உடைந்துவிடும். அதனால் 1899-இல் அமைத்த ஒரு கூட்டமைப்பு ஆற்றையே கான்கிரீட் வாய்க்காலாக்கிக் கழிவைக் கொண்டு போனது. சுரங்கங்கள் மூடி நிலம் அசைவது நின்ற பிறகுதான் மாற்று சாத்தியமாயிற்று. 1992-இல் தொடங்கிய வேலை முப்பது ஆண்டு எடுத்தது. 51 கிலோமீட்டர் நிலத்தடிப் பெருங்குழாய், செலவு 500 கோடி யூரோவுக்கும் மேல். 2021 இறுதியிலிருந்து எம்ஷரில் கழிவுநீர் கலப்பதில்லை.

இதில் பண்பாடு எங்கே? "ஆற்றங்கரைக்குப் போகாதே" என்று தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளுக்குச் சொல்லி வளர்த்த ஊர்கள் அவை. ஆற்றுக்கு முதுகு காட்டிக்கொண்டுதான் வீடுகளும் தெருக்களும் அமைந்தன. பழைய வடக்கு தெற்குப் பசுமைப் பட்டைகளை ஆற்றோரமாகக் கிழக்கு மேற்கில் இணைத்து, எம்ஷர் நிலக்காட்சிப் பூங்கா என்ற ஒரு தொடரை உருவாக்கினார்கள். நடைபாதை, மிதிவண்டிப் பாதை, சுரங்கக் கழிவுக் குன்றுகளின் உச்சியில் கலைப்படைப்புகள். தண்ணீர் சுத்தமாவதற்கு முன்பே மக்கள் கரையில் நடந்து பழகிவிட்டார்கள். குழாய் பதிப்பதைப் பொறியாளர் செய்து முடிக்கலாம். முதுகைத் திருப்பியிருந்த ஊரை முகம் காட்ட வைப்பது வேறு வகை வேலை, இந்த வட்டாரம் இரண்டையும் சேர்த்தே செய்தது.

2010: ஒரே மாதத்தில் இரண்டு காட்சிகள்

2010-இல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரம் என்ற பட்டம், எஸன் பெயரில், 53 நகராட்சிகளுக்கும் சேர்த்துக் கிடைத்தது. ஜூலை 18 அன்று வட்டாரத்தின் முதுகெலும்பான ஏ40 நெடுஞ்சாலையை 60 கிலோமீட்டர் தூரம் மூடி, 20,000 மேசைகள் போட்டார்கள். சுமார் 30 லட்சம் பேர் வந்தார்கள். பக்கத்து ஊர்க்காரனைப் போட்டியாகவே பார்த்துப் பழகிய நகரங்கள் ஒரே சாலையில் உட்கார்ந்து சாப்பிட்டன.

ஆறு நாள் கழித்து, ஜூலை 24-இல், டூயிஸ்பர்கில் 'லவ் பரேட்' இசை விழா. பழைய சரக்கு ரயில் நிலைய நிலத்தில், சுரங்கப்பாதை வழியாக நுழையும்படி ஏற்பாடு. நெரிசலில் 21 பேர் இறந்தார்கள். முந்தைய ஆண்டு, பக்கத்து நகரமான போகும் (Bochum), இடம் போதாது என்று அதே விழாவை நடத்த மறுத்திருந்தது. மறுத்ததற்காக அப்போது அந்த நகரம் நிறைய ஏச்சு வாங்கியது. இடத்தின் கொள்ளளவு என்ற மிகச் சாதாரணமான திட்டமிடல் கேள்வி, வட்டாரத்தின் பெருமை என்ற அழுத்தத்தின் கீழ் நசுங்கிவிட்டது. பண்பாட்டை நிகழ்ச்சியாக மட்டும் பார்க்கும் திட்டமிடலின் ஆபத்துக்கு இதைவிடக் கொடிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

யாருடைய நினைவு

ரூர் முயற்சியின் மேல் எனக்கு இருக்கும் முக்கியமான விமர்சனம் இது. காப்பாற்றிய நினைவு பெரும்பாலும் ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளியின் நினைவு. ஆனால் தொழில் வளர்ந்த காலத்திலேயே போலிஷ் மொழி பேசும் மக்கள் லட்சக்கணக்கில் வந்து இங்கே கலந்தார்கள். 1961-இல் துருக்கியோடு ஆள் சேர்ப்பு ஒப்பந்தம் போட்ட பிறகு, அந்தத் தொழிலின் கடைசிப் பல பத்தாண்டுகளைத் தோளில் சுமந்தவர்களில் துருக்கியரும் உண்டு. காப்பாற்றிய தொழிற்சாலைகளின் கதைப் பலகைகளில் அவர்கள் தாமதமாகவே நுழைந்தார்கள்.

டூயிஸ்பர்க் வடக்கில் இது கண்கூடு. மைடெரிஹ் பூங்காவிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் புரூக்ஹவுசன் என்ற குடியிருப்பு, இயங்கும் உருக்காலையின் வேலியை ஒட்டி. துருக்கி வழிவந்த குடும்பங்கள் நிறைய. இந்த நூற்றாண்டில்தான், ஆலைக்கும் வீடுகளுக்கும் நடுவே பசுமைப் பட்டை வேண்டும் என்று அங்கே நூறாண்டுப் பழைய வீடுகளை வரிசையாக இடித்தார்கள். புகைக்குப் பக்கத்தில் யாரும் வாழ வேண்டாம் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் குடியிருந்தவர்களில் பலர் எதிர்த்தார்கள். ஐசன்ஹைமில் எடுத்த அதே மாதிரிக் கணக்கெடுப்பு இங்கேயும் முடிவுக்கு முன் மேசைக்கு வந்திருக்க வேண்டும். ஊதுலைக்குக் கிடைத்த பொறுமை அந்த வீடுகளுக்குக் கிடைக்கவில்லை.

பக்கத்து மார்க்ஸ்லோவில் வேறு மாதிரி. 2008-இல் அங்கே பெரிய மசூதி திறந்தது. கட்டும் முன்பே அண்டை வீட்டார், தேவாலயங்கள், கட்சிகள் எல்லோரையும் ஆலோசனைக் குழுவில் உட்கார வைத்துப் பேசினார்கள். கட்டடத்துக்குள்ளேயே எல்லோருக்குமான சந்திப்பு மையமும் சேர்ந்தது. வேறு ஜெர்மன் நகரங்களில் மசூதிக் கட்டுமானம் ஆண்டுக்கணக்கில் தெருச் சண்டையானபோது, இங்கே பெரிய சச்சரவில்லாமல் முடிந்தது. அதே பகுதியில் வேஸெலர் தெரு, திருமண உடைக் கடைகளின் வரிசையாகத் தானாகவே வளர்ந்தது. நெதர்லாந்து, பெல்ஜியத்திலிருந்தெல்லாம் வாங்க வருகிறார்கள். எந்தத் திட்ட ஆவணமும் அதைக் கணித்ததில்லை. சீரழிந்த பகுதி என்று முத்திரை குத்திய இடத்தில், குடிவந்தோரின் கல்யாண வழக்கமே ஒரு வணிகத்தை நிறுத்தியது.

கணக்கு

பண்பாடு வேலை கொடுத்ததா என்று கேட்டால், சுரங்கம் கொடுத்த அளவுக்கு இல்லவே இல்லை. கெல்சன்கிர்ஹன் இன்றும் நாட்டிலேயே வேலையின்மை மிக அதிகமான நகரங்களில் ஒன்று. டோர்ட்முண்டின் ஹோர்ட பகுதியில் ஃபீனிக்ஸ் உருக்காலையைக் கழற்றிச் சீனாவுக்கு அனுப்பிவிட்டு, அந்தப் பள்ளத்தில் 24 ஹெக்டேர் ஏரி வெட்டினார்கள். 2010-இல் தண்ணீர் நிரப்பத் தொடங்கி, அடுத்த ஆண்டு மக்களுக்குத் திறந்தார்கள். கரையில் விலை உயர்ந்த வீடுகள் எழும்பின. உருக்காலைத் தொழிலாளி வாழ்ந்த பகுதியில் அந்தக் கரையில் வீடு வாங்க முடிந்தவர்கள் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இதையும் வெற்றிப் பட்டியலில் சேர்க்கிறார்கள். நான் பாதிதான் சேர்ப்பேன்.

பண்பாடு தந்தது வேறு. இடிப்பதா என்ற கேள்விக்கு முன்னால் சற்று நின்று யோசிக்கும் பழக்கம். கைவிட்ட நிலத்தை விலையில்லாமல் மக்கள் புழங்கும் வழி. தனித்தனியாகச் சண்டை போட்ட நகராட்சிகளுக்கு ஒரு பொதுப் பேச்சு. மற்ற வட்டாரங்கள் இதை எடுத்தாள விரும்பினால், நட்சத்திரக் கட்டடக் கலைஞரைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டியவை எளிமையானவை: நிலத்தைப் பொதுக் கையில் வாங்கி வைப்பது, முடிவுத் தேதி உள்ள ஒரு சிறு அமைப்பை ஏற்படுத்துவது, இருக்கிற மானியங்களின் வரிசையை அதன் கையில் கொடுப்பது, இடிப்பு ஆணைக்கு முன் அந்த இடத்தில் வாழ்க்கை எப்படி நடக்கிறது என்ற பதிவைக் கட்டாயமாக்குவது. கடைசியாகச் சொன்னது ரூரிலேயே விதியாக மாறவில்லை.

பழுப்பு நிலக்கரி நீங்கலாக, ஜெர்மனியின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் ரூரின் போட்ரோப்பில் மூடியது. தாழ்ந்த நிலத்தில் வெள்ளம் தேங்காமலிருக்க இறைப்பான்கள் இனி என்றென்றும் ஓட வேண்டும். அந்தச் செலவுக்கென்றே ஓர் அறக்கட்டளை 2007-இல் அமைத்தார்கள். அடுத்தது உருக்கு. டூயிஸ்பர்கின் பெரிய உருக்கு நிறுவனம், நிறுவனம் முழுவதிலும் 11,000 பணியிடங்களைக் குறைக்கும் திட்டத்தை 2024-இல் அறிவித்தது. மைடெரிஹுக்குக் கிடைத்த பத்தாண்டு அவகாசமும் பொதுக் கையில் இருந்த நிலமும் இந்த முறை கிடைக்குமா என்பதும், புரூக்ஹவுசன்காரர்கள் அந்த மேசையில் உட்காருவார்களா என்பதும் இனித்தான் தெரியும்.